உங்கள் காடி எப்போது கத்துகிறது?

தமிழ்ப்பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தது நினைவிருக்கிறதா? சலசல, கலகல, மொறுமொறு. யு.பி.எஸ்.ஆர். தேர்வோடு அதற்கு வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். கிள்ளானில் ஒரு கார் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர்கள் எல்லாரும் இரட்டைக்கிளவியில்தான் பேசுகிறார்கள். "அண்ணே, திரும்பும்போது டக்டக்குனு கேக்குது." "நெடுஞ்சாலையில போனா ஊஊனு ஒரே சத்தம்." "கியர் போட்டா டொக்குனு இடிக்குது." நம் மொழியில் சத்தத்துக்கு இத்தனை சொற்கள் இருப்பது பழைய காடி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வசதி. டக்டக் என்பவருக்கும் டொக் என்பவருக்கும் கெட்டிருப்பது ஒரே பாகமல்ல.

(காடி என்றால் தமிழகத்து உறவினர்கள் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரை நினைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அது என்றைக்கும் கார்தான்.)

நான் வானொலி அறிவிப்பாளர். படித்தது ஊடகத்துறை, கருவிப் பெட்டியைத் திறந்து வளர்ந்தவள் அல்ல. ஆனால் ஒலியோடு பிழைப்பவள். ஓட்டுவது அப்பா விட்டுச்சென்ற 1996-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா, 1.5, கைக்கியர். காலை நிகழ்ச்சி என்பதால் விடியற்காலை நாலேகாலுக்குக் கிள்ளானில் இருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கிளம்பிவிடுவேன். அந்த நேரத்தில் சாலையில் இருப்பது கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லோரிகளும் என்னைப்போல் சில பேரும்தான். பழைய காடி பாதியில் நின்றுவிட்டால் விளையாட்டல்ல.

சென்ற ஆண்டு வண்டியில் இரண்டு சத்தங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று, 50-ஐத் தாண்டியதும் எழுந்து வேகத்தோடு ஏறும் ஓர் ஊளை. இன்னொன்று, பிரிக்பீல்ட்சில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது வரும் டக்டக்டக். நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிருச்சு" என்றார்கள். மறுசீரமைத்த கியர்பாக்ஸும் கூலியும் 2,200 வெள்ளி. "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க, விளக்கமா சொல்றோம்" என்ற உபரிச் சேவை வேறு. என் வண்டியை விற்றால் கிடைக்கும் பணத்தில் பெரும்பங்கு அது. அந்த விலைக்குப் பழுது பார்ப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்பதே அப்போது வீட்டில் நடந்த பேச்சு. அண்ணன் பழைய இரும்புக் கட்சி. அம்மா பதில் பேசவில்லை. அப்பாவின் வண்டி.

பணத்தைக் கட்டும் முன்பு, கிள்ளானில் அப்பா வழக்கமாகப் போகும் போமனிடம் வண்டியை விட்டேன். (மெக்கானிக்கை நம் நாட்டில் போமன் என்கிறோம், 'ஃபோர்மேன்' என்ற சொல் நாக்கில் தேய்ந்து வந்தது.) அறுபதை நெருங்குகிறவர். நான் "அண்ணே, ஊஊனு..." என்று தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன சத்தம்ங்கிறத அப்புறம் கேக்கிறேன் தங்கச்சி. எப்போ வருதுன்னு முதல்ல சொல்லுங்க."

பிறகு வரிசையாகக் கேள்விகள். வண்டி நிற்கும்போது எஞ்சினை முறுக்கினால் வருகிறதா? கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா? எண்ணெய் மிதியை விட்டால் அடங்குகிறதா, அழுத்தினால் கூடுகிறதா? நேராகப் போகும்போதா, வளையும்போதா? எந்தப் பக்கம் வளையும்போது? தார்ச்சாலையிலும் கான்கிரீட் சாலையிலும் ஒரே மாதிரியா? முதல் பட்டறையில் இதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. பழைய காடிச் சத்தத்தைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்து இதுதான் நல்ல போமனுக்கும் மற்றவருக்கும் வித்தியாசம். கெட்ட பாகத்தின் பெயரைச் சொல்வது 'என்ன' என்ற கேள்வியைவிட 'எப்போது' என்ற கேள்விதான்.

ஏன் என்று புரிய, முன்சக்கரங்கள் எப்படிச் சுழல்கின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாகா, வீரா, காஞ்சில் எல்லாம் முன்சக்கர இயக்க வண்டிகள். எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போய், அங்கே வேகம் குறைந்து, இடமும் வலமுமாக இரண்டு இரும்புத் தண்டுகள் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. அந்தத் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். கடினம் எங்கே என்றால், அதே முன்சக்கரம் ஸ்டியரிங்குக்கு ஏற்ப இடவலமாகத் திரும்பவும் வேண்டும், குழியில் மேலும் கீழும் ஆடவும் வேண்டும். சுழன்றுகொண்டே மடங்கும் மூட்டு தேவை.

சுழலும் தண்டை மடக்க 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி இருந்தது. ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் சிலுவை வடிவ மூட்டு அது. பின்சக்கரத்தில் ஓடிய டட்சன் 120ஒய் நினைவிருப்பவர்களுக்கு வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் அதன் சிலுவைகளும் தெரியும். அந்த மூட்டில் ஒரு குறை. மடங்கிய நிலையில் அது சீராகச் சுற்றாது. 30 பாகை மடங்கினால், ஒரு பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 15 விழுக்காடு வேகமாகவும், இரண்டு முறை 13 விழுக்காடு மெதுவாகவும் போகும். பின்பக்கத்தில் மடிப்புக் கோணம் சிறியது, அதனால் ஓடியது. முன்சக்கரத்தில் வைத்தால் வளைவுகளில் ஸ்டியரிங் கையில் துள்ளும்.

அதைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா. 1920-களில் அவர் வடிவமைத்த மூட்டில் ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு கரு, இரண்டுக்கும் நடுவில் பள்ளங்களில் உருளும் ஆறு எஃகுக் குண்டுகள். எந்தக் கோணத்தில் மடங்கினாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் நிற்கும். அதனால் இரு பக்கமும் ஒரே வேகம். 1959-இல் பிரிட்டனில் வந்த மினி கார் இந்த வகை மூட்டைச் சாதாரண மக்களின் வண்டிக்குள் கொண்டுவந்தது. நம் போமன்கள் சி.வி. ஜாயின்ட் என்று சொல்வது இதைத்தான். 1985 ஜூலை 9-இல் ஷா ஆலாம் ஆலையிலிருந்து வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் அது இருந்தது. அந்த வண்டி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது; பிரிக்பீல்ட்சில் இருந்து நடக்கும் தூரம். சாகா என்பது மஞ்சாடி மரம். அதன் சிவப்பு விதையை வைத்துத்தான் நம் முன்னோர் பொன் நிறுத்தார்கள். என் வீரா 1993-இல் வந்த தலைமுறை. சாகாவைப் போலவே மிட்சுபிஷி லான்சரின் வழிவந்தது.

இந்த மூட்டின் உயிர், அதைப் போர்த்தியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையில்தான் இருக்கிறது. பட்டறையில் 'பூட்' என்பார்கள். உள்ளே கருப்புக் கிரீஸ். உறை கிழிந்தால் சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். மணலும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். சில மாதங்களில் குண்டு ஓடும் பள்ளத்தில் சின்னக் குழிகள் விழும். நேராகப் போகும்போது குண்டுகள் பள்ளத்தில் அதிகம் நகர்வதில்லை, சத்தமும் இராது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மிதியை அழுத்தும்போது ஒவ்வொரு சுற்றிலும் பள்ளம் முழுக்க ஓடுகின்றன. தேய்ந்த இடத்தில் விழுந்து எழும்போது டக். கார் நிறுத்துமிடத்தில் மட்டும் ஏன் வந்தது என்பதற்கு விடை இதுவே.

ஞாயிறு காலை, மேருவில் ஆளில்லாத தொழிற்சாலைத் திடல். அண்ணன் வண்டியை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வட்டமடித்தார். டக், டக், டக். வலப்பக்கம் ஒடித்தபோது ஏறக்குறைய அமைதி. நான் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். வீட்டில் ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்தால், ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விநாடி. என் டயர் 175/70 ஆர்13. ஒரு சுற்றில் 1.8 மீட்டர் போகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் அந்தத் தூரத்தைக் கடக்க 0.65 விநாடி. ஆக, சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஒரு டக். எஞ்சினோ கியர்பாக்ஸின் உள்பற்களோ இதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுபவை. அவற்றில் உடைசல் இருந்தால் டக்குகள் இத்தனை இடைவெளி விட்டு விழாது. எண்ணிக்கையை அண்ணனிடம் காட்டினேன். "இதுக்கு கம்ப்யூட்டர் எதுக்குலா, விரல் மடக்கி எண்ணினா போதுமே" என்றார். நியாயம்தான்.

இடப்பக்கம் வளையும்போது சுமை தாங்குவது வெளிப்புறமான வலச்சக்கரம். பெரும்பாலும் அந்தப் பக்க மூட்டே சத்தமிடும். ஆனால் அதை மட்டும் நம்பி பாகம் வாங்க அவர் விடவில்லை. இரும்பில் ஒலி ஓடும். காது பக்கத்தை மாற்றிச் சொல்லும். குனிந்து வலச்சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்தார். ரிம் முழுக்கக் கருப்புக் கிரீஸ் தெளித்திருந்தது. உறையின் மடிப்பில் பெரிய கிழிசல். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். டயரை மாற்றும்போதோ காற்றடிக்கும்போதோ நீங்களே பார்க்கலாம். கிழிசலைக் கண்டதும் உறையையும் கிரீஸையும் மட்டும் மாற்றிவிட்டால் மூட்டு பிழைத்துக்கொள்ளும். டக்டக் கேட்கத் தொடங்கிய பிறகு உறை மாற்றிப் பயன் குறைவு.

ஊளைக்கு வருவோம். என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

வானொலி நிலையத்தில் ஒலிபரப்புக்கு நடுவில் ஓர் இரைச்சல் புகுந்தால் நாங்கள் செய்வது எளிய வேலை. ஒவ்வொரு தடமாக மூடிப் பார்ப்போம். எதை மூடியதும் இரைச்சல் நிற்கிறதோ, அங்கே கோளாறு. காடியிலும் அதையேதான் செய்தார் அண்ணன். நிறுத்திய வண்டியில் நடுக்கியரில் எஞ்சினை முறுக்கினார், ஊளை இல்லை. எஞ்சின் என்ற தடம் மூடியாயிற்று. கிளட்ச் மிதித்தும் விட்டும் பார்த்தார், மாற்றமில்லை. கிளட்ச் பேரிங் கெட்டிருந்தால் மிதிக்கும்போது சத்தம் வரும்; கியர்பாக்ஸின் முன்பேரிங் என்றால் மிதிக்கும்போது நிற்கும். பிறகு சாலையில் 60-இல் நாலாவது கியரில் போய், அதே 60-இல் மூன்றாவதுக்கு மாற்றினார். எஞ்சின் சத்தம் ஏறியது. ஊளை அசையவில்லை, அதே சுருதி. கடைசியாகக் காலியான நேர்ச்சாலையில், எஞ்சின் ஓட்டத்திலேயே, கியரை நடுவுக்குத் தள்ளி உருளவிட்டார். ஊளை தொடர்ந்தது. (இதை எஞ்சினை அணைத்துச் செய்யக்கூடாது, பிரேக் கடினமாகும், ஸ்டியரிங்கும் பாறையாகும். தானியங்கிக் கியர் வண்டியில் செய்யவே வேண்டாம்.)

ஆக, சத்தம் எஞ்சினோடு இல்லை, சக்கரத்தோடு இருக்கிறது. இசை கற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். வேகம் 60-இல் இருந்து 80 ஆனால் ஊளை சட்ஜத்தில் இருந்து சுத்த மத்யமத்துக்கு ஏறும். 90 ஆனால் பஞ்சமம். சுழற்சி ஒன்றரை மடங்கானால் சுருதியும் ஒன்றரை மடங்கு, அவ்வளவே கணக்கு. ஒரு சத்தம் இப்படி ஏறாமல், குறிப்பிட்ட ஒரே வேகத்தில் மட்டும் அதிர்ந்து அடங்கினால் வேறு இடத்தைப் பாருங்கள். டயர் சமநிலை, ரிம் நெளிசல், தளர்ந்த மவுண்டிங் இப்படி.

சக்கரம் என்றால் டயரா, பேரிங்கா? டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தாலும் இப்படி ஊளையிடும்; போமன்களே ஏமாறும் இடம் இது. டயர் ஊளை சாலைக்குச் சாலை மாறும். புதுத் தாரில் அடங்கும், சொரசொரப்பான கான்கிரீட்டில் வெடிக்கும். முன்டயரைப் பின்னுக்கு மாற்றினால் சத்தமும் பின்னுக்குப் போகும். பேரிங் சாலையைப் பார்ப்பதில்லை, சுமையைப் பார்க்கும். 70-இல் அகலமான காலிச் சாலையில் அண்ணன் ஸ்டியரிங்கை வலமாக லேசாகச் சாய்த்தார். வண்டியின் பாரம் இடப்பக்கம் இறங்கியது, ஊளை முறுகியது. இடமாகச் சாய்த்தார், மெலிந்தது. முன் இடச்சக்கரத்து பேரிங்.

பட்டறைக்கு வந்து ஜேக் வைத்துத் தூக்கினார். சக்கரத்தை ஒரு கையால் சுழற்றச் சொல்லி, சுருள்வில்லின் மேல் என் விரல்களை வைத்தார். நல்ல பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. கெட்ட பக்கத்தில் வில் முழுக்க நறநறவென்ற நடுக்கம், அரிசிக்குள் கையை விட்டு அலசுவதுபோல. காதுக்குக் கேட்காத சத்தம் விரலுக்குக் கேட்கிறது. பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இருந்தது. பக்கவாட்டில் மட்டும் ஆடியிருந்தால் ஸ்டியரிங் இணைப்பு தேய்ந்திருக்கும் என்றார்.

அன்று அவர் சொல்லாமல் நான் பிறகு யோசித்த ஒன்று. பிரிக்பீல்ட்சும் செந்தூலும் ரயில்வே தமிழர்களால் நிறைந்த இடங்கள். செந்தூலில் பெரிய ரயில் பட்டறையே இருந்தது. நீராவி எஞ்சின் காலத்து ரயில்வேக்களில் நீண்ட காம்புச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக் கேட்கும் தொழிலாளி ஒருவர் இருப்பார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விழுந்தது மழுங்கி ஒலிக்கும். இரும்பைக் காதால் சோதிப்பது படிப்பறியாதவர் வேலை என்று முகம் சுளிக்கும் தலைமுறை நாம். இன்றைக்கும் ஆலைகளில் பேரிங் கெடுகிறதா என்று அதிர்வுமானி வைத்துக் கண்காணிக்கிறார்கள். அது கேட்பதும் இதே நறநறவைத்தான்.

பழுது பார்க்கும் வேலையில் நீங்கள் கவனிக்க வேண்டியது சிலதே. பேரிங்கை மாற்றச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்பு முழுவதையும் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொள்கிறார்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் கூடவே சுற்றும். பழைய பேரிங்கைப் பிரஸ் இயந்திரத்தில் அழுத்தித் தள்ளி, புதியதை அதே இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். இங்கேதான் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு. நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் படவேண்டும். உள்வளையத்தில் அழுத்தினாலோ, சுத்தியலால் அடித்து இறக்கினாலோ குண்டுகள் ஓடுபாதையில் தடம் பதித்துவிடும். புதிய பேரிங் சில மாதத்தில் ஊளையிடும், பழி பாகம் விற்றவர் மேல் விழும். பிரஸ் இல்லாத பட்டறை என்றால், வேலையை வெளியே கொடுத்துச் செய்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

டிரைவ் ஷாஃப்டைக் கழற்றும் முன்பு கியர்பாக்ஸ் எண்ணெயை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில்தான் கொட்டும். அதை ஒரு சோதனையாகவே அண்ணன் பயன்படுத்திக்கொண்டார். வடித்த எண்ணெயை வெயிலில் காட்டிப் பார்த்தார். வடிகால் திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் அது வயதுத் தேய்மானம். இரும்புத் துணுக்குகள் இருந்தால் கியர்பாக்ஸ் உண்மையிலேயே போகிறது. எனக்குப் பசை மட்டும்தான். 2,200 வெள்ளியை அந்தக் காந்தம் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

எண்ணெய் பால்டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் பல பகுதிகளிலும் எத்தனை காடிகள் கூரை வரை மூழ்கின. சக்கர அளவுக்கு மட்டும் தண்ணீரில் ஓடியவர்களும் தப்பவில்லை. சூடான பேரிங் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று ஆறும்போது உள்காற்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை இழுக்கும். வண்டி காய்ந்து, கழுவி, நன்றாக ஓடும். துரு உள்ளே மெதுவாக வேலை செய்து, பல மாதம் கழித்து ஊளையாக வெளிவரும். பழைய காடி வாங்கப் போகிறவர்கள் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடியுங்கள், பிறகு விலை பேசுங்கள்.

பாகம் எங்கே வாங்குவது என்பதில் அவருக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம். ஜப்பானில் இருந்து பாதி உடலாக வெட்டி வரும் 'ஹாஃப் கட்' வண்டிகளின் பழைய அசல் ஷாஃப்ட் நல்லது என்று நான் எங்கோ கேட்டிருந்தேன். "ஷாஃப்ட் கம்பி அசல்னா சரி. குண்டு இருக்கிற மூட்டு எத்தனை வருஷம் ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? உறையைக் கிழிச்சுப் பார்த்தா வாங்க முடியும்?" என்றார். பேரிங்கைப் பழையதாக வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் என் பழைய கம்பியை வைத்துக்கொண்டு புதிய வெளிமூட்டு, உறை, கிரீஸ், பட்டை சேர்ந்த தொகுதி வாங்கினோம். அந்தக் கிரீஸும் சாதாரணக் கிரீஸ் அல்ல. மாலிப்டினம் கலந்த கருப்புக் கிரீஸ், பாக்கெட்டில் வருவது முழுவதையும் போட வேண்டும். பழைய மூட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். குண்டு ஓடும் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், குழியில் நகம் மாட்டியது. அந்த டக் இதுதான்.

பேரிங், மூட்டு, எண்ணெய், சீல், கூலி எல்லாம் சேர்த்து 415 வெள்ளி.

டக்டக்கும் ஊளையும் தவிர மற்றவை: கியர் போடும்போதோ மிதியை விட்டு அழுத்தும்போதோ ஒற்றையாக ஒரு டொக் வந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம், அல்லது ஷாஃப்டின் உள்மூட்டு தளர்ந்திருக்கலாம். பானட்டைத் திறந்துவைத்து, கைப்பிரேக் போட்டு, ஒருவர் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எஞ்சின் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள். நேர்ச்சாலையில் வேகம் கூட்டும்போது மட்டும் ஸ்டியரிங்கும் தரையும் நடுங்கி, மிதியை விட்டதும் அடங்கினால் அதுவும் பெரும்பாலும் உள்மூட்டு. மேடுகளில் மட்டும் கடகடவென்றால் டிரைவ் ஷாஃப்டை விட்டுவிட்டு அப்சோர்பர் பக்கம் பாருங்கள்.

எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்? டக்டக்கோடு பல மாதம் ஓட்டுபவர்களைப் பார்க்கிறோம். மூட்டு உடைந்தால் அந்தப் பக்கம் இழுவை போய் வண்டி நடுச்சாலையில் நிற்கும். அதுவே விடியற்காலை லோரிக்கு முன்னால் என்றால் போதும். ஊளையைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் கருத்து. ஆட்டம் கண்ட பேரிங் சூடேறி இறுகலாம், சக்கரம் ஆடி பிரேக் தட்டையே விலகச் செய்யலாம். டக்டக் எரிச்சல், ஊளை ஆபத்து. மனிதர்கள் பயப்படுவது நேர்மாறாக இருக்கிறது. டக்டக் காதைக் குத்துவதால் உடனே பட்டறைக்கு ஓடுகிறோம், ஊளைக்கு வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொள்கிறோம். நேயர்கள் ஒலியைக் கூட்டுவதில் எனக்கு மகிழ்ச்சிதான், காரணம் இதுவாக இருக்க வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள், குறிப்பாகப் பெண்களுக்கு. பட்டறைக்குப் போகும் முன்பு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வேகத்தில், எந்தக் கியரில், எந்தப் பக்கம் வளையும்போது, மிதியை விட்டால் என்ன ஆகிறது. சத்தம் வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இந்த நாலு வரியை நீட்டியதும் பேச்சு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு ஆம்பளையைக் கூட்டி வரச் சொல்வதில்லை.

வண்டி இப்போது 90-இல் அமைதியாகப் போகிறது. மூன்றாவது கியரில் மட்டும், மிதியை அழுத்தும்போது, மெல்லிய கொசுச் சத்தம் ஒன்று பாக்கி. மற்ற கியர்களில் இல்லை. முதல் பட்டறைக்காரர்கள் கேட்டது ஒருவேளை இதையாகவும் இருக்கலாம். கியர்பாக்ஸில் அந்த ஒரு ஜோடிப் பல் தேய்ந்திருக்கிறது. அண்ணனிடம் கேட்டேன். புது எண்ணெய் ஊற்றியாயிற்று, அடுத்த முறை வடிக்கும்போது காந்தத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதுவரை நெரிசலில் மூன்றாவதில் இழுத்துக்கொண்டு போகாமல், சீக்கிரம் நாலாவதுக்கு மாறச் சொல்லியிருக்கிறார்.